ஆம்ப்ளிஃபயர் வாசல் தாண்டும் நேரம்

மாலை வெயில் ஜன்னல் வழியாக வந்து ஆம்ப்ளிஃபயரின் வெள்ளி முகப்பில் உட்கார்ந்திருக்கிறது. அந்த மூலைக்குப் பேத்தியின் தொட்டில் வரப்போகிறது. அதனால் பல் டாக்டர் அதை இணையத்தில் விற்பனைக்குப் போட்டிருக்கிறார். வாங்க வந்த மருந்துக்கடைக்காரர் சோபா நுனியில் இருக்கிறார். போன வாரம் வந்த ஒருவன், பணம் அனுப்பிவிட்டதாகப் போலிப் படம் ஒன்றைக் காட்டிப் ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் தூக்கப் பார்த்தான். அன்று முதல் வீட்டில் டாக்டர் மனைவியின் சட்டம்தான்: "பணம் வந்துச்சுன்னு பேங்க்லேருந்து மெசேஜ் வரணும். அதுவரைக்கும் பெட்டி வாசப்படி தாண்டக்கூடாது." மருந்துக்கடைக்காரர் அனுப்பியாகிவிட்டது என்கிறார். மெசேஜ் சத்தமே இல்லை. சும்மா இருப்பானேன் என்று டாக்டர் போட்ட இசைத்தட்டில் வயலின் இழைகிறது. வெயிலில் தூசி மிதக்கிறது. கொஞ்ச நேரத்தில் இருவர் கண்களும் மூடிக்கொள்கின்றன. இருவர் கால் கட்டைவிரல்களும் ஒரே தாளத்தில் அசைகின்றன. "இன்னும் வரலையா சார்?" "வரல. பரவால்ல, மறுபக்கமும் கேப்போம்" என்கிறார் டாக்டர். தட்டு திரும்புகிறது. மறுபக்கம் பாதி ஓடும்போது சமையலறையிலிருந்து மனைவி வருகிறாள். அவள் ஈரக் கையில் டாக்டரின் போன். "இதை எதுக்கு ஃப்ரிட்ஜ் மேல வச்சீங்க?" "போன் பக்கத்துல இருந்தா ஸ்பீக்கர்ல கொர்ருன்னு இரையுமே." "நல்லா இருக்கு போங்க. பணம் அப்பவே வந்தாச்சு." டாக்டர் ஒரு பெருமூச்சோடு பெட்டியின் ஸ்விட்சை அணைக்க எழுகிறார். மருந்துக்கடைக்காரர் கண்ணைத் திறக்காமலே அவர் கையைப் பிடிக்கிறார். "உக்காருங்க சார். இப்போ இது என் பெட்டி. இந்தப் பக்கம் முடியட்டும்."