குளத்துக்கு ஒரு கூடை ரொட்டி

கொடைரோடு ரயில்வே ஸ்டேஷன் போர்ட்டர் செபஸ்தியான், ஞாயிறு பூசை முடிந்ததும் தூண்டிலோடு சித்தையன்கோட்டைப் பக்கத்துக் குளத்துக்கு வந்தான். கரையில் தனியாகத் தொப்பி போட்ட ஒரு பாய் உட்கார்ந்து, கூடை நிறைய இருந்த ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார். கெண்டைகள் வந்து மொய்த்தன.

"கடை ரொட்டியா பாய்?"

"ஆமா, நம்ம கடைதான். அம்புட்டையும் அள்ளிட்டு வந்துட்டேன்."

மீனைக் கூட்டத்தான் இரை போடுகிறார் என்று செபஸ்தியான் நினைத்தான்.

"தூண்டில எங்க?"

"நமக்கு மீன் பிடிக்கத் தெரியாது. வலைக்காரங்களைக் கூட்டியாரப் போயிருக்காங்க."

வலை வருவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று அவசரமாகப் புழுவைக் கோத்துப் போட்டான். கெண்டையும் கெளுத்தியுமாகப் பை நிறைந்தது.

"உங்க ரொட்டிக்கு வந்த மீனு. கோவிச்சுக்கிறாதீங்க பாய்."

"பிடி தம்பி. ஒண்ணுகூட விடாம எல்லாத்தையும் பிடிச்சுரு."

செபஸ்தியான் சிரித்தான். "அப்புறம் வலைக்காரங்களுக்கு என்ன இருக்கும்?"

அவர் கடைசி ரொட்டியையும் பிய்த்துத் தண்ணீரில் போட்டார்.

"அவங்க மீனுக்கு வரல. காலையில துணி துவைக்க எறங்குன எம்மக ஜெய்தூன் இன்னும் மேல வரல. முங்கித் தேடியும் அகப்படல. இதுகளுக்குப் பசி அடங்கிட்டா அவளைத் தொடாதுல்ல? முழுசாக் குளுப்பாட்டி அடக்கம் பண்ணணும் தம்பி."