ஒட்டுத் தெரியாத படம்

வீடியோ அழைப்பில் வரும் வழியிலேயே தொலைந்துபோகும் படத்துண்டுகளுக்குப் பதில், முந்தின துண்டுகளையே எடுத்து ஒட்டுத் தெரியாமல் தைத்துவிடும் மென்பொருளைப் பொறியாளர் அன்றுதான் முடித்திருந்தார். முதல் சோதனையாக அலுவலக மேசையிலிருந்து மனைவிக்கே வீடியோ அழைப்பு போட்டார்.

“நான் நல்லாத் தெரியறேனா?”

“தெரியறீங்க, தெரியறீங்க. மூஞ்சிதான் சரியில்ல” என்று மனைவி சிரித்துத் தலையாட்டினாள்.

ஒரு வாரமாகத் தொண்டையில் நின்றதை அவர் மூச்சுவிடாமல் கொட்டினார். “கோவிச்சுக்காதம்மா. வெளிநாட்டு வேலைக்குக் கூப்பிடறாங்க. மூணு வருஷம், நான் மட்டும்தான் போகணும். நீ வேணாம்னு சொன்னா இப்பவே மறுத்துடறேன்.”

மனைவி குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அதே சிரிப்போடு தலையாட்டினாள். இருபத்திரண்டு வருடத்தில் இப்படியோர் அதிசயம் நடந்ததில்லை. படத்திலும் ஒரு புள்ளி கலையவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையெழுத்திட்ட சம்மதத் தாளை மேலாளரிடம் நீட்டினார்.

“வீட்ல ஒத்துக்கிட்டாங்களா?”

“தங்கமான மனசு சார். சிரிச்சுக்கிட்டே அனுப்பறா.”

“மேலிடத்துக்கு அனுப்பிட்டேன். இனி பின்வாங்க முடியாது, பார்த்துக்குங்க.”

இருக்கைக்குத் திரும்பியபோது கைபேசி அடித்தது.

“என்னங்க, மூஞ்சி சரியில்லன்னு சொன்னதுமே இங்க கரண்ட் போயி நெட்டும் போயிடுச்சு. ஏதோ சொல்ல வந்தீங்களே, என்ன அது?”

மேசைத் திரையில் அவள் இன்னும் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.