தானா நிக்கிற வண்டி

“இன்னிக்கும் நின்னு போச்சுங்க மாமா. ரோட்ல ஒரு ஈ காக்கா இல்ல. வாய்க்கா பாலத்துகிட்ட வந்ததும் கப்புனு நின்னுக்கிச்சு” என்றபடி புது காரிலிருந்து இறங்கினான் மோகனசுந்தரம்.

குறை சொல்கிற குரல் இல்லை அது.

மாமனார் பழனிச்சாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. “நெல்லு காயப் போட்டிருந்தாங்களா மாப்ள?”

“அதுமில்லீங்க. பனமரத்து நெழலு உழுந்து கெடந்துச்சு. ஆளு படுத்திருக்குதுன்னு நெனச்சுக்கிச்சாட்ட இருக்குது.”

பக்கத்தில் நின்ற மூத்த மருமகன் தங்கதுரைக்கு வயிறு எரிந்தது.

அவர்கள் ஊர் நல்லேப்பிள்ளியில் முதன்முதலாக அப்படி ஒரு காரை வாங்கியவர் மர மில் கோகுல்நாத். எதிரே ஏதாவது வந்தால் அது பீப் பீப் என்று கத்தி, தானாகவே பிரேக் போடும். ஆனால் வைக்கோல் பறந்தாலும் நின்றது. பால் கேன் தொங்கும் பைக்கைப் பார்த்தாலும் நின்றது. பின்னால் வந்த டிராக்டர்காரர்கள் முதலில் திட்டினார்கள். அப்புறம் அதன் விலையைக் கேட்டார்கள். அன்றிலிருந்து அந்த ஊரில் சும்மா சும்மா நிற்கிற வண்டிதான் பெரிய வண்டி.

இப்போது சகலையிடமும் ஒன்று.

“நம்ம வண்டியும் நிக்குமுங்க” என்றாள் தங்கதுரையின் மனைவி யோகப்பிரியா, அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி. “நீங்க மிதிச்சா.”

“நீ சித்த சும்மா இரு.”

“எந்தங்கச்சிகிட்டச் சொன்னேன், எங்கூட்டுக்காரரு நெழலுக்கெல்லாம் பயப்பட மாட்டாருன்னு. அவ சிரிக்கிறா.”

வியாழக்கிழமை கடைக்குட்டி செல்வப்பிரியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு மூத்த மருமகன் தன் வண்டியை ஓட்டிக்கொண்டு போய், புது மாப்பிள்ளையை முன்சீட்டில் உட்காரவைத்து மண்டபத்துக்குக் கூட்டிவர வேண்டும். அது அந்த வீட்டு வழக்கம். மோகனசுந்தரத்தையே அப்படிக் கூட்டிவந்தவன் தங்கதுரைதான்.

பழனிச்சாமி தொண்டையைச் செருமினார். “மூத்த மாப்ள தப்பா எடுத்துக்கக் கூடாது. பொள்ளாச்சிக்காரங்க கொஞ்சம் வசதியானவங்க. இந்த வாட்டி சின்ன மாப்ள வண்டியிலயே...”

“அதுக்கென்னங்க மாமா” என்றான் தங்கதுரை. வாய்தான் சொன்னது. பத்து வருஷமாகத் தனக்கென்று இருந்த ஒரே மரியாதை, ஒரு பனமர நிழலில் போய்விட்டது.

மத்தியானம் மீனாட்சிபுரத்தில் மண்டபத்தைப் பார்த்துவரக் கிளம்பினார்கள். இரண்டு சகலைகளும் மட்டும்.

“தம்பி, சாவியக் குடுங்க. நா ஓட்டறேன்.”

மோகனசுந்தரம் தயங்கினான். “புது வண்டிங்ணா. உங்களுக்குப் பழக்கமில்ல...”

“தானா நிக்கிற வண்டிக்கு என்ன பழக்கமுங்க? எங்கிட்டக் குடுக்க மனசில்லீன்னா சொல்லிப்போடுங்க.”

மாமனார் பார்த்துக்கொண்டிருந்தார். சாவி கை மாறியது.

வண்டி வெண்ணெயாக ஓடியது. அதுவே தங்கதுரைக்கு எரிச்சலாக இருந்தது. நிழல் வந்தது, நிற்கவில்லை. ரோட்டில் நெல் காய்ந்தது, நிற்கவில்லை.

“நா ஓட்டுனா நிக்காதா? ஒரு சத்தங்கூடக் காணமே?”

“சத்தம் காதுக்கு ரோதனைன்னு அமத்தி வெச்சிருக்கேனுங்ணா. நேராப் பாத்து ஓட்டுங்க.”

வண்டித்தாவளம் தாண்டியதும் முன்னால் ஒரு வைக்கோல் லாரி, ரோட்டையே அடைத்துக்கொண்டு மெதுவாக ஊர்ந்தது. தங்கதுரை ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். பிரேக்குக்குக் கொண்டுபோகவில்லை. நிழலுக்கு நிற்கிற வண்டி லாரிக்கு நிற்காமலா போகும்? இன்றைக்கு ஒரு தடவையாவது தன் கையிலும் அது நிற்கட்டும்.

“அண்ணா, பிரேக்குங்க.”

“இருங்க தம்பி. அதுவே நிக்கும்.”

“மிதிங்கண்ணா.”

“பொறுங்க, பாக்கலாம்.”

“நிக்காதுங்ணா” என்று அலறிக்கொண்டே மோகனசுந்தரம் ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். தங்கதுரையின் காலும் அப்போதுதான் பதறிப் பாய்ந்தது. டயர் தேய்ந்து, வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் நின்றது. தொங்கிய வைக்கோல் கண்ணாடியைத் தடவிவிட்டுப் போனது. லாரிக்காரர் எதையும் அறியாமல் போய்க்கொண்டே இருந்தார்.

தங்கதுரை வண்டியை ஓரம் கட்டினான்.

“இதுல அந்தத் தானா நிக்கிற வசதி இல்லீங்ணா” என்றான் மோகனசுந்தரம், மடியைப் பார்த்தபடி. “மேல் மாடல்லதான் வருமாம். இது கீழ் மாடலு.”

“அப்ப பாலத்துகிட்ட?”

“நாந்தானுங்க மிதிச்சேன்.”

“அன்னிக்கு கோயலு முன்னாடி, மாமன் உள்ள உக்காந்திருக்கறப்ப நின்னுச்சே?”

“அதும் நாந்தானுங்.”

“எதுக்குங்க இந்த வேல?”

“பின்ன என்னங்ணா, அந்த ஊட்ல எதுக்கெடுத்தாலும் மூத்த மாப்ள, மூத்த மாப்ள. எல போட்டா மொத எல உங்குளுது. எம்பட சம்சாரமே, அக்கா ஊட்டு மாமாகிட்டக் கேட்டுக்கலாம்ங்கறா. எனக்கு எரியாதுங்களா?”

தங்கதுரை அவனைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

“ஊட்ல சொல்லீராதீங்ணா.”

“சரி. வியாழக்கெழம வண்டிய நா ஓட்டறேன். ஆச்சா?”

“ஆச்சுங்ணா.”

சாயங்காலம் திரும்பும்போது வீடே வாசலில் நின்றது. எதிரே கோழிக்குஞ்சுகூட இல்லாத மண் தெருவில், மாமனாருக்கும் மனைவிக்கும் நேர் முன்னால், தங்கதுரை சட்டென்று பிரேக்கை மிதித்தான்.

“பாத்தீங்களா மாமா” என்றான் இறங்கும்போது, “எங்கைக்கும் நிக்குதுங்க.”

யோகப்பிரியாவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பைப் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது. இப்போது சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் மிதித்திருப்பீர்களா, மாட்டீர்களா?