வரிசையில் கடைசி ஆள்

ரூஃபஸின் தலையில் புதுத் தொப்பி இருந்தது. அதைப் பார்த்ததும் கஸிமிருக்கு வாயிலிருந்த காபி கசந்தது.

சிகாகோவுக்கு ஆபீஸ்காரர்களை ஏற்றிப் போகும், அவர்கள் இருவரும் கண்டக்டர்களாக இருந்த அந்த ரயிலைப் பழைய ரயில் கம்பெனி ஓட்டுவது இன்றோடு சரி. நாளையிலிருந்து அரசு வாரியமே ஓட்டும். கம்பெனிக்கு இனி சரக்கு வண்டி மட்டும்தான். ரூஃபஸ் போட்டிருந்தது வாரியத்தின் தொப்பி.

"டேய், என்னடா இது? செத்தாலும் கம்பெனிதான், ரெண்டு பேரும் சரக்கு யார்டுக்கே போறோம்னு பேசி வச்சோமே!"

"மனசு மாறிடுச்சு, கஸி."

"அங்க போனா சீனியாரிட்டி வரிசையில நீ கடைசி ஆள்டா. கிறிஸ்துமஸுக்கும் வேலைதான். இங்கேன்னா நாம மூத்த கண்டக்டருங்க. இடம் இல்லேன்னாலும் கடைசியா சேர்ந்தவனை வேலையை விட்டுத் தள்ளிட்டு அந்த இடத்துல உட்காரலாம். அதானே நம்ம சட்டம்?"

"அதேதான் சட்டம்" என்றான் ரூஃபஸ். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "யார்டுல குளிரு. என் முழங்கால் தாங்காது."

முழங்காலாம்! இத்தனை வருஷப் பனியில் வலிக்காத முழங்கால் இன்றைக்குத்தான் வலிக்கிறதாக்கும். சூடான பெட்டியில் நின்று டிக்கெட் பார்க்கும் சுகத்துக்காகக் கூட இருந்தே குழி பறித்துவிட்டான்.

"போன வருஷம்தான் என் பொண்ணு இரேனா யார்டுல சேர்ந்தா. மூணு பேரும் ஒண்ணா வேலை பார்க்கப் போறோம்னு ஊரெல்லாம் சொல்லி வச்சேன். என் மூஞ்சியில கரியைப் பூசிட்டியே!"

தினசரிப் பயணிகள் டோனட் பெட்டியோடு வந்து இருவரையும் சேர்ந்து நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். கஸிமிர் ஒரு முழம் தள்ளியே நின்றான்.

கடைசி நிலையத்தில் இறங்கியதும் ரூஃபஸ் கை நீட்டினான். கஸிமிர் தன் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான்.

"துரோகிக்கெல்லாம் நான் கை குடுக்கிறதில்ல. இரேனா கல்யாணத்துக்கும் நீ வந்துடாதே."

இரேனாவின் ஞானஸ்நானத்தில் ஞானத் தகப்பனாக அவளைக் கையில் ஏந்தி நின்றவன் ரூஃபஸ். அவன் முகம் ஒரு கணம் சுருங்கியது. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான்.

திங்கட்கிழமை காலை, யார்டில் பனி கொட்டியது. இரேனா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "அப்பா, வந்துட்டியா!"

"நான் வந்துட்டேன். அந்தத் துரோகிதான் வரல. உன் கல்யாணத்துப் பக்கமே தலை வச்சுப் படுக்காதேன்னு சொல்லிட்டேன்."

அவள் கை நழுவியது. "ரூஃபஸ் மாமாவையா சொல்ற?"

"வேற யாரை?"

"ஐயோ, அப்பா! இங்க ரெண்டு இடம் காலியா இருக்குன்னாங்களே, அதுல ஒண்ணை மூடிட்டாங்க. மாமாகிட்ட சொல்லி அழுதேன். 'உங்கப்பனுக்குத் தெரிஞ்சா எனக்காக அவன் ஒதுங்கிடுவான், வாயைத் திறக்காதே'ன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

கஸிமிர் அவள் தோளைப் பிடித்தான். "அப்போ, அவனும் இங்க வந்திருந்தா?"

"கடைசியா சேர்ந்தவ நான். என்னைத்தான்ப்பா தள்ளியிருக்கணும்."