பைக்குள் ஒரு டிடெக்டர்

நாலு மாடி ஜவுளிக்கடை. சீலிங்கில் ஒரு டிடெக்டர். புகையைக் கண்டால் கத்துவது அதன் வேலை. வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கும் கத்துகிறதே என்று மேனேஜர் அதன் முகத்தில் கடைப் பையை மாட்டி, ரப்பர் பேண்டும் போட்டுவிட்டார்.

"வாயைக் கட்டிட்டாங்களாடா? எனக்கு நிம்மதி" என்றது சுவரிலிருந்த அலார மணி.

"கீழே இவ்வளவு துணி, இவ்வளவு ஜனம். தீப்பிடிச்சா யாருடா சொல்றது?"

"பிடிக்கும்போது பாத்துக்கலாம், தூங்கு."

மூன்று மாதம் கழித்து, தீ அலாரப் பராமரிப்புக்கு மெக்கானிக் செண்பகவல்லி வந்தாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு, பராமரிப்புச் சீட்டுல கையெழுத்துப் போடும்மா" என்றார் மேனேஜர்.

டிடெக்டருக்குப் பகீரென்றது. அவள் போட்டுவிட்டால் அடுத்த பராமரிப்பு வரை பைதான்.

"ஏறிப் பாக்காம போடமாட்டேன் சார்" என்று அவள் ஏணியை விரித்தாள். ஏறினாள். பையைப் பிய்த்தெறிந்து, டப்பாவிலிருந்த சோதனைப் புகையை ஒரே பீய்ச்சு பீய்ச்சினாள்.

டிடெக்டர் கொடுத்த குரலில் மணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிடிக்கிறதோ இல்லையோ, அடித்தே ஆகவேண்டும். அடித்தது. நாலு மாடி ஜனமும் படியிறங்கி வாசலுக்கு ஓடியது. முதல் ஆளாக மேனேஜர்.

"போதுமாடா? தொண்டை கிழியுது!"

"மூச்சு விடாம கத்து. கடைசி ஆள் வெளியே போகட்டும்."