விளையாட்டுப் பீரியட்

"உங்க பொண்ணு பொய் சொல்லப் பழகிட்டா!" என்று ஃபோனில் பொரிந்தாள் தமயந்தி.

கிடர்பூர் துறைமுக ஆபீஸில் ஃபைலும் கையுமாக இருந்த முத்துக்குமார், "அப்படி என்ன பொய்?" என்றான்.

"கேம்ஸ் பீரியட்ல ஓடி விளையாடினேன்னு தினம் சொல்றா. வாட்ச் அப்படிச் சொல்லலை. துடிப்பு ஏறவே இல்லைங்க. ஒரு எட்டு நடந்ததாகூடக் காட்டலை!"

போன துர்கா பூஜையின்போது பந்தல் கூட்டத்தில் எட்டு வயது அக்ஷரா கொஞ்ச நேரம் காணாமல் போனாள். கண்டுபிடித்தபோது பிள்ளை சாவகாசமாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கதறி அழுதவள் தமயந்திதான். மறுநாளே இந்த வாட்ச் வந்துவிட்டது. பிள்ளையின் நெஞ்சு வேகமாகத் துடித்தால் தாயின் மொபைலில் மணி அடிக்கும். கையிலிருந்து கழற்றி ஒரு நிமிஷம் போனாலும் அடிக்கும்.

ஆரம்பத்தில் அடித்துத் தள்ளியது. ஒவ்வொரு மணிக்கும் தமயந்தி பள்ளிக்கு ஃபோன் போட்டாள். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையை ஆபீஸ் ரூமுக்குக் கூட்டி வந்து, "நான் நல்லா இருக்கேன் மா" என்று சொல்ல வைத்து அனுப்பினார்கள்.

கோடை லீவு முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து மணிச் சத்தமே இல்லை. அடிக்கிறதே என்ற பயம் போய், அடிக்கவில்லையே என்ற பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. பெற்ற வயிற்றுக்குப் பயப்படக் காரணமா கிடைக்காது?

"உட்கார்ந்திருந்தா நல்லதுதானே. முட்டியில அடிபடாது," என்றான் முத்துக்குமார்.

"உங்களுக்குக் கிண்டல்! யாரும் சேர்த்துக்காம மூலையில உட்கார்ந்திருக்காளோ, உடம்புக்குத்தான் ஏதாவதோன்னு எனக்குப் பயமா இருக்கு. கேட்டா, 'கூப் மொஜா மா!', ரொம்ப ஜாலின்னு பெங்காலியில சொல்லிச் சிரிச்சுட்டு ஓடிடறா. நான் ஸ்கூலுக்கே போறேன்."

"ஏ தமயந்தி, கொஞ்சம் பொறு..."

அவள் பொறுக்கவில்லை. டாலிகஞ்ச் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவள் மொபைலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பீரியட் ஆரம்பித்தாயிற்று. துடிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கும் மகளை நினைத்து நினைத்து, ஸ்டாப் வருமுன்பே எழுந்து பஸ் வாசலுக்கு வந்து நின்றாள்.

பள்ளியில் முதலில் கண்ணில் பட்டது டீச்சர்கள் அறைதான். கிளாஸ் டீச்சர் சுதேஷ்ணா மிஸ் தனியாக உட்கார்ந்து பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். தமயந்தியைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

என்ன திமிர் என்று நினைக்கும்போதே மிஸ்ஸின் மணிக்கட்டைப் பார்த்துவிட்டாள். ரோஸ் கலர் பட்டை. அதில் பூனைக்குட்டிப் படம்.

"இது என் பொண்ணு வாட்ச்!" தமயந்தி தனக்குத் தெரிந்த ஹிந்தியில் வெடித்தாள். "சின்னப் பிள்ளைகிட்ட பிடுங்கிப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்களே, வெட்கமா இல்லை? அவளுக்கு ஒண்ணுன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கையிலிருந்த மொபைல் அலறியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த மணி.

"ஐயோ, அக்ஷரா!"

"பயப்படாதீங்க தீதி. அது நான்தான்," என்றாள் மிஸ், நெஞ்சில் கை வைத்து. "நீங்க போட்ட சத்தத்துல எனக்குப் படபடன்னு வந்துடுச்சு. உங்க பொண்ணு அங்கே இருக்கா, ஜன்னல் வழியா பாருங்க."

மைதானத்தில் கோ-கோ நடந்துகொண்டிருந்தது. ரிப்பன் அவிழ்ந்து, முட்டியெல்லாம் மண்ணாக, யாரையோ துரத்திக்கொண்டு கத்தியபடி ஓடினாள் அக்ஷரா. மகள் இவ்வளவு உரக்கக் கத்துவாள் என்பதே தமயந்திக்குப் புதிது.

"அப்போ... வாட்ச்?"

"நான் பிடுங்கலை. ஒருநாள் அவளே அழுதுக்கிட்டு வந்தா. 'நான் ஓடினா மா பயந்துடுவாங்க மிஸ். கழற்றி வெச்சாலும் பயந்துடுவாங்க. விளையாடி முடிக்கிற வரைக்கும் நீங்க போட்டுக்கறீங்களா?'ன்னு கேட்டா. முடியாதுன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. உங்ககிட்ட சொல்லியிருக்கணும், தப்புதான்."

தமயந்திக்கு அவமானமாக இருந்தது. மொபைலை ஹேண்ட்பேக்குக்குள் போட்டுவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்களைப் பார்த்தும் எழுந்து வரலைன்னு கோவிச்சுக்காதீங்க தீதி," என்றாள் மிஸ். "இந்தப் பீரியட் முடியிற வரைக்கும் நடக்கக் கூடாது, படி ஏறக் கூடாதுன்னு எனக்கு உங்க பொண்ணு உத்தரவு. 'உங்களுக்குப் படபடன்னு அடிச்சாலும் பயப்படப்போறது என் மாதானே மிஸ்!'ங்கிறா."