பாதிக் கணக்கில் ஒரு கேள்வி

நான் ஒரு அளவுமானி. குவாண்டம் கணினியின் குளிர்ப்பெட்டிக்குள் இருந்து கணக்குப் போடும் க்யூபிட் தன் கணக்கை முடித்த பிறகு, "பூஜ்யமா, ஒன்றா?" என்று ஒரே ஒரு தடவை கேட்பதுதான் என் வேலை. அதுவரை அவன் இரண்டும் கலந்தே இருப்பான். அப்படி இருந்தால்தான் கணக்கு நடக்கும்.

சுவரிலிருந்த சுவிட்ச் சிரித்தது. "என்னைப் பாரு. ஆன்னா ஆன், ஆஃப்னா ஆஃப். இவன் வழவழா கொழகொழா ஆசாமி. இப்பவே கேளேன், முழிப்பான்."

எனக்கும் ஆசை தாங்கவில்லை. பாதிக் கணக்கில் குரலைத் தாழ்த்திக் கேட்டுவிட்டேன்.

க்யூபிட் திடுக்கிட்டு, "பூஜ்யம்" என்றான். அவ்வளவுதான். அதுவரை அவன் சுமந்துகொண்டிருந்த மற்றதெல்லாம் அந்த நொடியே அழிந்துபோனது.

பொறியாளர் திலகா வந்து, கணக்கு பாதியில் கெட்டிருப்பதைப் பார்த்தார். 'இந்த க்யூபிட் நம்பத்தக்கதல்ல' என்று குறிப்பேட்டில் எழுதினார்.

அவர் போனதும் க்யூபிட் மெதுவாகக் கூப்பிட்டான்.

"நடுவுல யாரோ கேட்டுட்டாங்க அண்ணே. மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கிறேன். இந்தத் தடவை யாரும் கிட்ட வராம நீங்கதான் பாத்துக்கணும்."

"சரிப்பா" என்றேன்.